எல்லாவற்றுக்கும் ‘அவுஸ்ட்’ போடலாமா?

கேள்வி: செய்தி இணையதளம் ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். தமிழில் வரும் செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுவது என் வேலை. ‘நீக்கப்பட்டார்’, ‘வெளியேற்றப்பட்டார்’ என்று வந்தாலே அவுஸ்ட் என்று போட்டுவிடுகிறேன். எக்ஸ்பெல், எவிக்ட், டிஸ்மிஸ், டிபோஸ், அன்சீட் என்று இன்னும் ஏகப்பட்டவை இருக்கின்றன. அகராதியில் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. எதை எங்கே போடுவது?

பதில்: அகராதியை மூடிவிட்டுச் செய்தியைப் பாருங்கள். அந்த ஆள் இழந்தது எது? பதவியா, உறுப்பினர் என்ற தகுதியா, குடியிருந்த வீடா, வேலையா? பாதிக் குழப்பம் இதிலேயே தீரும்.

திரிணமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 8 அன்று மக்களவை அவரை நீக்கியது. அடுத்த மாதமே, டெல்லியில் அவருக்கு ஒதுக்கியிருந்த அரசு பங்களாவைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. தமிழில் இரண்டையும் ‘வெளியேற்றம்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் அவையிலிருந்து அனுப்பியது எக்ஸ்பெல், பங்களாவிலிருந்து அனுப்புவது எவிக்ட். கட்சி, சங்கம், கல்லூரி என்று ஓர் அமைப்பு தன் உறுப்பினரை வெளியே தள்ளினால் முன்னது. வீடு, கடை, நிலம் என்றால் பின்னது. இதில் ஒரு சின்ன நுணுக்கம்: ஆக்கிரமிப்பு அகற்றும் செய்தியில் எவிக்ட் செய்யப்படுவது ஆட்கள்தான். ஆக்கிரமிப்புக்கு ரிமூவ் போதும்.

எக்ஸ்பெல் போடும்போது எதிலிருந்து என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். 1972 அக்டோபரில் திமுக எம்.ஜி.ஆரை முதலில் சஸ்பெண்ட் செய்தது, சில நாட்களில் எக்ஸ்பெல் செய்தது. கட்சிதான் போனது, எம்.எல்.ஏ. பதவி அவரிடமே இருந்தது. இப்படிப்பட்டவரை ‘எக்ஸ்பெல்ட் எம்.எல்.ஏ.’ என்று மொட்டையாக எழுதினால், சட்டமன்றமே அவரை அனுப்பிவிட்டதாகப் படிக்க இடமுண்டு. 2023 மார்ச்சில் ராகுல் காந்தியின் எம்.பி. பதவி பறிபோனதற்கும் எக்ஸ்பெல் பொருந்தாது. சபை ஓட்டுப் போட்டு அவரை நீக்கவில்லை. சூரத் நீதிமன்றம் தண்டனை கொடுத்ததால் சட்டப்படி தகுதி போனது. அங்கே டிஸ்குவாலிஃபை.

இனி உங்கள் செல்லப்பிள்ளையான அவுஸ்டுக்கு வருவோம். இதற்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு முக்கியக் காரணம், நாலே எழுத்து, தலைப்பில் அடங்கும் என்பதுதான். ஆனால் விருப்பமில்லாமல் இருந்தவரைத் தள்ளிவிட்டார்கள் என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். எப்படித் தள்ளினார்கள் என்று சொல்லாது. 2006 செப்டம்பரில் தாய்லாந்துப் பிரதமர் தக்சின் ராணுவப் புரட்சியில் போனார். 2022 ஏப்ரலில் இம்ரான் கான் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் போனார். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனாவை மாணவர் போராட்டம் அனுப்பியது. மூவருக்கும் அவுஸ்ட் பொருந்தும். ஆனால் அரசியல் சட்டப்படி நடந்ததையும் துப்பாக்கி முனையில் நடந்ததையும் ஒரே தட்டில் வைத்துவிடும். தலைப்பில் போடுங்கள், முதல் பத்தியிலேயே எப்படி என்று எழுதிவிடுங்கள். ஒரு கவுன்சிலர் வீட்டுக் கார் ஓட்டுநரை வேலையைவிட்டு நிறுத்தியதற்கெல்லாம் இதைப் போடாதீர்கள். அதிகாரத்தில் இருப்பவருக்கான வினை இது.

இதன் பெயர்ச்சொல் அவுஸ்டர். ‘அர்’ என்று முடிகிறதே, தள்ளியவரைச் சொல்கிறது போலும் என்று நினைப்பவர்கள் உண்டு. செய்தியில் அது தள்ளிய செயல்தான், ஆள் இல்லை. சொத்து வழக்கில் வந்தால் இன்னும் கவனம். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி, மற்றவருக்குப் பாத்தியதையே இல்லை என்று மறுத்து, எல்லாருக்கும் தெரிய மொத்தத்தையும் தானே அனுபவித்து வருவதை வக்கீல்கள் அவுஸ்டர் என்பார்கள். யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டியதில்லை.

ஆட்சி போனால்? கலைத்தார்களா, கவிழ்ந்ததா என்று நம் தமிழே அழகாகப் பிரித்துக் கொடுக்கிறது, அதைப் பின்பற்றுங்கள். 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது: டிஸ்மிஸ். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது: டாப்பிள். டெல்லியில் யாரும் யாரையும் டிஸ்மிஸ் செய்யவில்லை.

டிபோஸ் அரியணையிலிருந்து இறக்குவதற்கு. 1974-ல் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசிக்கு நடந்தது அது. சிக்கல் என்னவென்றால், சாட்சியம் அளிப்பதற்கும் அதே வினைதான். ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தில் 2022 மார்ச்சில் ஓ. பன்னீர்செல்வம் ஆஜராகிப் பதில் சொன்னதை ‘டிபோஸ்ட்’ என்று எழுதலாம். அவர் முன்னாள் முதல்வர் வேறு, கேட்கவே வேண்டாம்! பின்னால் ‘பிஃபோர்’ வந்தால் சாட்சியம் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்சீட் பெரும்பாலும் தேர்தல் களத்துக்கு, அதுவும் அந்த இருக்கையில் ஏற்கெனவே இருந்தவருக்கு. 1996-ல் பர்கூரில் ஜெயலலிதாவைச் சுகவனம் வீழ்த்தியது அன்சீட். 1967-ல் விருதுநகரில் காமராஜர் தோற்றதை அப்படி எழுத முடியாது. 1962-ல் அவர் ஜெயித்த தொகுதி சாத்தூர். அங்கே டிஃபீட் போதும்.

நம் ஊர் ஆங்கிலத்துக்கே உரிய பிழை ஒன்று உண்டு. ‘ஹவுஸ் ஓனர் எங்களை வெகேட் பண்ணிட்டார்’ என்று பேசுகிறோம். பேச்சோடு போகட்டும், ஆங்கிலச் செய்தியில் ஏற்றாதீர்கள். குடியிருப்பவர்தான் வீட்டை வெகேட் செய்வார்; ஓனர் செய்வது எவிக்ட். நீதிமன்றம் தடையாணையை வெகேட் செய்தது என்றால் ரத்து செய்தது என்று பொருள். அது தனிப் பயன்பாடு.

வேலை போன செய்திகளில் லே-ஆஃப் ஒன்றுக்கு மட்டும் நிதானியுங்கள். ஐ.டி. கம்பெனிச் செய்திகளில் அது ஆட்குறைப்பு, போனவர் போனவர்தான். ஆலைத் தொழிலாளர் விஷயத்தில் வேறு. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் அதற்குப் பொருள், மின்சாரமோ மூலப்பொருளோ இல்லாமல், அல்லது இயந்திரம் பழுதாகி, ஆலையின் ஊழியர் பட்டியலில் உள்ள தொழிலாளிக்கு வேலை கொடுக்க முடியாத நிலை. அவர் பெயர் பட்டியலில் இருக்கும். தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். நிரந்தரமாக அனுப்புவதற்கு அந்தச் சட்டம் வைத்த பெயர் ரிட்ரென்ச்மென்ட். தொழிற்சங்கம் கொடுக்கும் அறிக்கையில் ‘லே-ஆஃப்’ என்றிருந்தால், ‘சாக்’ (வேலைநீக்கம்) என்று மாற்றுவதற்கு முன் சங்கச் செயலாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.