மனுவில் மூன்றாவது கோரிக்கை

அன்புள்ள ஐயா,

கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பகுதியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் குடிப் பிரச்சினை. வாரக் கூலி கைக்கு வந்ததா என்பது திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஊரில் சிலர் சேர்ந்து கலெக்டருக்கு மனு எழுதுகிறோம். டாஸ்மாக் கடையை மூட வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் குடிநோயாளிகளுக்குத் தனிப் படுக்கைகள் வேண்டும் என்பவை முதல் இரண்டு கோரிக்கைகள். மூன்றாவதாக, "மது, போதை பற்றிய ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தை வீணாக்காமல் அதையும் சிகிச்சைக்கே கொடுங்கள்" என்று ஒருவர் சேர்த்தார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. குடி கெடுதல் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு? விற்பதும் அரசு, ஆராய்வதும் அரசு என்றால் உண்மை வெளியே வருமா? உங்கள் கருத்தை அறிய ஆசை.

எம்., கூடலூர் வட்டம்

அன்புள்ள எம்.,

முதல் இரண்டு கோரிக்கைகளைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. மூன்றாவதை அடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

குடி கெடுதல் என்பதை யாரும் ஆராய வேண்டியதில்லை, சரி. ஆனால் குடியை நிறுத்த எது உதவுகிறது என்று நமக்குத் தெரியுமா? கார்த்திகையில் மாலை போட்டு நிறுத்துகிறார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஏதோ ஒரு பொடியைக் குழம்பில் கலந்து கொடுக்கும் பெண்கள் உண்டு. கடன் வாங்கி, கீழே சமவெளியில் ஏதாவது தனியார் மையத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டு வருகிறார்கள். இதில் மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறவர் எத்தனை பேர்? அப்படியே விட்டுவிடுகிறவர் எத்தனை பேர்? விட்டவருக்குக் கைகொடுத்தது எது? ஆளைப் பார்த்துக் கேட்டு, எழுதி வைத்து, ஒரு வருடம் கழித்து மறுபடி அதே வீட்டுப் படியேறிக் கேட்பதுதான் நான் சொல்லும் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடம், வெள்ளைக் கோட்டு எல்லாம் அப்புறம்.

உங்கள் முதல் இரண்டு கோரிக்கைகளுக்கே இது தேவைப்படுகிறது. பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் உயிரே போகலாம். 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியபோது பெங்களூரு ஆஸ்பத்திரிகளுக்கு இந்த நிலையில் வந்தவர்கள் கூடிப்போனார்கள். அங்குள்ள மருத்துவர்கள் அதை எண்ணிப் பதிவு செய்தார்கள். உங்கள் ஊர்க் கடையை நாளைக்கே மூடினால் எத்தனை பேருக்கு இப்படி ஆகும், எத்தனை படுக்கை வேண்டும்? எண்ணிக்கை இல்லாமல் கேட்டால் கலெக்டர் நான்கு கட்டிலைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மத்திய சமூகநீதி அமைச்சகம் பணம் கொடுத்து, எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2019-ல் வெளிவந்தது. சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை என்றது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார், உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-க்கு ஒருவர் என்றும் சொன்னது. படுக்கை கேட்கும் உங்கள் மனுவுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. அதுவே அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிதான்.

அரசு கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்? குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம், நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகள் காப்புரிமை முடிந்த பழைய சரக்கு. எந்தக் கம்பெனியும் அவற்றுக்காகப் புதிய சோதனைக்குச் செலவழிக்காது. பேச்சு வழிச் சிகிச்சைக்கு விற்க ஒரு பொருளே கிடையாது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம். நம் நாட்டு ஆண்களைப் பற்றிய இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது லண்டனில் உள்ள வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை.

மது கம்பெனி பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. தினம் ஒரு கிளாஸ் குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க, 7,800 பேரைச் சேர்க்கும் திட்டத்தோடு 10 கோடி டாலர் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். பெரும்பங்கு மது கம்பெனிகளின் பணம். அரசு ஆய்வு நிறுவனத்து ஆட்களே கம்பெனிகளிடம் போய்ப் பணம் கேட்டது தெரியவந்து, 2018-ல் அதை நிறுத்தினார்கள். புற்றுநோய் தலைகாட்டுவதற்குள் முடிந்துவிடும்படி ஆய்வுக் காலமும் குறைவாக இருந்தது. கெட்டிக்காரர்கள்.

விற்கிறவனே ஆராய்ந்தால் எப்படி என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. 2024-25-ல் டாஸ்மாக் வழியாகத் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு, எல்லா நோய்களுக்கும் சேர்த்து, நாடு முழுமைக்கும் ஒதுக்கியது சுமார் 3,300 கோடி. இவ்வளவு பெரிய வருமானத்தில் கை வைக்கும் முடிவு எதையும் அரசு விரும்பி வெளியிடாது. தாய்லாந்து இதற்கு ஒரு வழி கண்டது. 2001-ல் மதுவுக்கும் புகையிலைக்கும் தீர்வைக்கு மேல் 2 சதவீதம் கூடுதலாக வசூலித்து, அதை நேரே ஒரு தனி அறக்கட்டளைக்குப் போகும்படி சட்டம் போட்டார்கள். மது பற்றிய ஆய்வுகளுக்கு அதிலிருந்து பணம் போகிறது. ஒவ்வொரு வருடமும் அமைச்சரிடம் கையேந்த வேண்டியதில்லை.

நீலகிரியில் இதற்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் முதலில் வந்தது நம் மாவட்டத்தில்தான். எந்தக் கடையில் எத்தனை பாட்டில் போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்று கணக்கு இருக்கிறது. அதை ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடும் உங்கள் திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டோடும் சேர்த்துப் பார்க்க ஆளும் காசும்தான் வேண்டும்.

ஆராய்ச்சி என்றாலே ஆதிவாசி ஊர்களில் முகம் சுளிப்பார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில். அதற்கான தேசிய இயக்கம் வந்தது 2023-ல். இடையில் கூடலூரில் அந்த நோயாளிகளைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டது, ஆதிவாசிகளையே சுகாதாரப் பணியாளர்களாக வளர்த்தெடுத்த உங்கள் ஊர் ஆதிவாசி மருத்துவமனை. கோவா முறையில் நான்கு முறை பேசுவதை பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் பணிய மொழியிலேயே பேசினால் பலிக்குமா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

ஆகவே மூன்றாவது கோரிக்கையை இப்படி மாற்றிப் பாருங்கள்: "மாவட்டத்து டாஸ்மாக் வருவாயில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஆயத்தீர்வைத் துறைக்குக் கட்டுப்படாத குழு ஒன்றின் மூலம், குடியை விட்டவர்களையும் விட முடியாதவர்களையும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்." வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு, ஒரு வருடத்துத் திங்கட்கிழமைகளை மட்டும் கூட்டி இணைப்பாக வையுங்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு உங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது.