கேள்வி – பதில்: கடிதத்தில் இருந்த குரல் கதையில் எங்கே போயிற்று?

கேள்வி: ஆறு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். திரும்பி வரும் கதைகளோடு, "நடை நன்றாக இருக்கிறது, உங்கள் குரல்தான் இல்லை" என்ற குறிப்பும் வருகிறது. குரல் என்று எதைச் சொல்கிறார்கள்? எல்லாவற்றையும் எங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றி எழுதினால் அது வந்துவிடுமா? கதையின் முதல் பக்கத்தை இணைத்துள்ளேன். எங்கள் வீட்டில் எழுதுகிறவர்கள் யாரும் இல்லை. அம்மா பூக்கட்டுகிறவர். நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார், பாதிதான் விளங்கும். கடன்காரர்களுக்கு அந்த நேரத்தில்தான் பதில் சொல்வார்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: உங்கள் கதையை இரண்டு முறை படித்தேன். கடிதத்தின் கடைசி வரிகளை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

கதை இப்படித் தொடங்குகிறது: "அதிகாலைத் தென்றலில் மல்லிகையின் நறுமணம் தவழ்ந்து வர, அம்மாவின் விரல்கள் பூக்களுக்கிடையே நர்த்தனம் ஆடிக்கொண்டிருந்தன." இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் தென்றல், நறுமணம், நர்த்தனம் எல்லாம் உங்களுக்கு முன்பே ஆயிரம் பேர் கைபட்டுப் பழகிய சொற்கள். பூக்கட்டுவதை ஒரு நாளும் அருகிலிருந்து பார்த்திராதவரும் இந்த வரியை எழுதிவிடலாம். மதுரை மல்லி 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூ என்பதையும், அதன் மணம் ஊரெல்லாம் பேசப்படுவது என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் அதை மொட்டாகப் பறித்து, மொட்டாகவே விற்று, வெடிப்பதற்குள் கட்டி முடித்தாக வேண்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து உதிரிப்பூவை வாங்கி வந்து மடியில் கொட்டிக்கொண்ட ஒருவருக்கு, இன்று எத்தனை முழம் தேறும் என்பதுதான் கவலையாக இருக்குமே தவிர, மணம் நினைவிலேயே இருக்காது. உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, கதை என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கோ படித்ததை எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். "நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார், பாதிதான் விளங்கும். கடன்காரர்களுக்கு அந்த நேரத்தில்தான் பதில் சொல்வார்." வறுமை என்ற சொல் இதில் இல்லை, அம்மா சாமர்த்தியசாலி என்ற பாராட்டும் இல்லை. இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு நீங்கள் விலகிக்கொண்டீர்கள். இடையில் உள்ளதைப் படிப்பவரே கண்டுகொள்கிறார். இதையே, "கடன்காரர்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல விரும்பாததால் அம்மா நாரைக் கடித்துக்கொண்டு பேசினார்" என்று எழுதிப் பாருங்கள். செய்தி அதேதான், ஆனால் அம்மாவின் மீது பாசமும் சிறிது வியப்பும் கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மகளை இதில் காணோம். எதைப் பார்க்கிறோம், எதை முதலில் சொல்கிறோம், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம் என்பவை சேர்ந்து அமைவதைத்தான் குரல் என்கிறார்கள்.

ஆகவே, ஊர்ப் பேச்சுக்கு மாற்றினால் மட்டும் குரல் வந்துவிடாது. மதுரையில் வாழ்ந்த ஜி. நாகராஜன் 1974-இல் வெளியிட்ட 'நாளை மற்றுமொரு நாளே' நாவலில், கந்தன் என்பவனின் ஒரு நாள் வாழ்க்கையைச் சொல்லும் உரைநடை பெரும்பாலும் எளிய பொதுத்தமிழே. இருந்தும், யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத, யாருக்காகவும் கண்ணீர் கேட்காத அந்தப் பார்வையால் ஒரு பக்கத்திலேயே அவரை அடையாளம் கண்டுவிடலாம். வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இதற்கு மறுபுறம்: அங்கே மாந்தர்கள் வட்டார வழக்கில்தான் பேசுகிறார்கள். ஆனால் அதன் வலிமை சொற்களில் மட்டும் இல்லை. ஒரு சல்லிக்கட்டு நடந்து முடியும் நேரத்தை விட்டு வெளியே போகாமல், காளையின் மீதே கண்ணை வைத்திருக்கும் பிடிவாதத்திலும் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த முதல் பக்கத்தை, வெளியூரில் இருக்கும் நெருங்கிய தோழி ஒருத்திக்கு எழுதும் கடிதமாக மறுபடி எழுதுங்கள். பிறகு சத்தமாக வாசித்து, வேறு எவரும் எழுதியிருக்கக்கூடிய வரிகளை அடித்துவிடுங்கள். முதல் முறை பக்கத்தில் கால்வாசிதான் மிஞ்சும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

கேள்வி: விரும்பிப் படிக்கும் எழுத்தாளரின் சாயல் என் கதைகளில் அப்படியே விழுகிறது. படிப்பதை நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஒருவரையே படிப்பதால்தான் சாயல் விழுகிறது. பத்துப் பேரைப் படித்தால் அது தானே கலைந்துவிடும். நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த ஒப்பாரியையும் தாலாட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் இளமையில் நானும் ஒருவரைப் போலவே மூன்று ஆண்டுகள் எழுதினேன். அந்த நோட்டுகள் வீணாகவில்லை, வாக்கியத்தை முடிக்கும் விதத்தை அங்கேதான் கற்றேன்.

கேள்வி: "பைய நடந்து வந்தாள்" என்ற என் வரியில், "பைய" கொச்சை என்று சொல்லி ஓர் இதழாசிரியர் "மெதுவாக" என்று திருத்திவிட்டார். ஏற்றுக்கொள்ள வேண்டுமா?
– மாணவி, மேலூர்

பதில்: இந்தச் சொல்லுக்காக நீங்கள் வாதாடலாம். "பசையினள் பைய நகும்" என்கிறது 1098-ஆம் குறள். திருஞானசம்பந்தர் மதுரையில், தம் மடத்துக்கு வைக்கப்பட்ட தீ பாண்டியனைச் சேரட்டும் என்று பாடும்போதும் "பையவே சென்று" என்றுதான் பாடினார். மன்னன் உயிர் பிழைக்க வேண்டும் என்ற கருணை அந்தச் சொல்லில் இருப்பதாக உரைகாரர்கள் விளக்குவார்கள். "மெதுவாக" என்பதில் வேகக் குறைவு மட்டும் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் நம் ஊரில் "பையப் போத்தா" என்று சொல்லும்போது, வேகத்தோடு அக்கறையும் சேர்ந்து வருகிறது. உங்கள் கதையில் அந்தப் பெண் எதற்காக அப்படி நடந்து வருகிறாள் என்று எனக்குத் தெரியாது. களைப்பினால் மட்டும் என்றால் அவருடைய திருத்தம் அப்படியே இருக்கட்டும். கையில் தூங்கும் குழந்தையோடு வருகிறாள் என்றால், குறளையும் தேவாரத்தையும் காட்டி, உங்கள் சொல்லையே திரும்ப வைக்கும்படி அவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்.