மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஆராய்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

கேள்வியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதால்தான் கிருமி இப்படி ஆகிறதா? அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மட்டுமே காரணமில்லை. சாதாரணச் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் விழுங்குவது பெரிய காரணம். ஆனால் சில கிருமிகள் பிறவியிலேயே அப்படித்தான்.

நான் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக அப்படி ஒரு கிருமியோடு வேலை செய்கிறேன். பர்க்கோல்டேரியா சூடோமாலை என்று பெயர். மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருவது. நம் ஊர் ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கும். மழைக்காலத்தில் காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். இனிப்புநீர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். நம்மவர் வீடுகளில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

1912இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவரோடு சேர்ந்து இந்த நோயை முதலில் விவரித்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. அந்தப் பெயரைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பிறகு இங்கே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து, மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். நோயாளியின் சளியை, கிருமி வளர்க்கும் ஆஷ்டவுன் என்ற தட்டில் தடவி வைப்போம். மற்ற கிருமிகள் வளராதிருக்க அதில் ஜென்டமைசின் மருந்தையே கலந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் இது மட்டும் ஊதா நிறத்தில், மடிப்பு மடிப்பாகச் சுருங்கி வளர்ந்து நிற்கும். உள்ளே வரும் மருந்தை உடனே வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு அதன் தோலிலேயே இருக்கிறது. சரவாக்கில் ஒரு வகை மட்டும் ஜென்டமைசினுக்கு அடங்கிவிடுகிறது. பம்புக்கான மரபணுவில் ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான். அந்த வகை இந்தத் தட்டில் வளராமல் நம்மை ஏமாற்றிவிடும். இப்படிப்பட்டதைக் கண்டுபிடிப்பதும் எங்கள் வேலை.

அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்போம். பொட்டு அளவு காகித வில்லைகளில் ஒவ்வொரு மருந்து. கிருமி பரப்பிய தட்டில் அவற்றை வைத்து மறுநாள் பார்த்தால், மருந்து கேட்கும் இடத்தில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் தெரியும். அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதும்போது, வார்டில் ஒருவர் இதற்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை.

போன வருடம் அது என் மாமாவாக இருந்தார். செந்தூலில் வீட்டுப் பின்னால் வெறுங்காலோடு வெண்டைக்குப் பாத்தி கட்டுபவர். காய்ச்சல் வந்தது, கிளினிக்கில் கொடுத்த மருந்து ஐந்து நாளாகியும் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் இரத்தத்திலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். உங்கள் வீட்டில் இனிப்புநீர் உள்ள யாருக்காவது மழைக்காலத்தில் விடாத காய்ச்சல் என்றால், மண்ணில் வேலை செய்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் செஃப்டாசிடைம் ஊசி. பிறகு மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, காலையில் நான்கு, இரவில் நான்கு. இந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால்தான் இத்தனை மாதம். ஆறாவது வாரத்தில் மாமா நிறுத்திவிட்டார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார். போனில் இருந்த ஊதாத் தட்டுப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுதான் எனக்குள்ள இருந்துச்சா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அத்தை மளிகைக்கடைக் காலண்டரில் நாளுக்கு இரண்டு கோடு போட ஆரம்பித்தார். கடைசிக் கோட்டைப் போட்ட இரவு எனக்கு அதைப் படமெடுத்து அனுப்பினார்.