வாசகர் கேள்வி – பதில்: நல்ல ஆண்டு வைனின் தரமும் விலையும்

கேள்வி (உருத்திரபுரத்திலிருந்து ஒரு வாசகர்): காலபோகம் நன்றாக விளைந்தால் இங்கே நெல் விலை விழுந்துவிடுகிறது. பாரிஸில் உணவகமொன்றில் வேலை செய்யும் என் மருமகனோ, பிரான்சின் போர்தோப் பகுதியில் 2005, 2009, 2010 போன்ற நல்ல ஆண்டுகளின் வைனுக்குத்தான் விலை அதிகம் என்கிறார். விளைச்சல் நன்றாக இருக்கும்போது விலை ஏறுவது எப்படி? அந்த விலைக்கு அது தகுமா?

பதில்: நெல்லில் நாம் நல்ல ஆண்டு என்று சொல்வது மூடைக் கணக்கை வைத்து, போர்தோவில் அப்படிச் சொல்வது பழத்தின் தரத்தை வைத்து. இவை இரண்டும் எதிரெதிராகப் போவதும் உண்டு. 1945, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் மே மாத உறைபனி கொடிகளைத் தாக்கி விளைச்சலை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால், எஞ்சிய சொற்பப் பழங்களிலிருந்து கிடைத்த வைன், சென்ற நூற்றாண்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. விளைச்சல் கூடினாலும் சந்தையில் வைன் குவிந்துவிடாது. ஒரு ஹெக்டேயரிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது.

தரம் எங்கிருந்து வருகிறது என்பதை நீர் பாய்ச்சிப் பயிர் செய்யும் உங்களுக்கு விரிவாகவே சொல்லலாம். போர்தோவில் கொடிகளுக்கு வாய்க்கால் நீர் பாய்ச்சும் வழக்கம் பொதுவாக இல்லை. மழையையும் மண்ணில் தேங்கிய ஈரத்தையும் நம்பியே அவை நிற்கின்றன. ஜூன் மாதமளவில் பூத்து, ஓகஸ்ட் அளவில் காய் நிறம் மாறத் தொடங்கும்போது மண்ணில் ஈரம் குறைந்திருந்தால், கொடி தளிர்விடுவதை நிறுத்திவிட்டுத் தன் வலுவையெல்லாம் பழத்துக்குக் கொடுக்கிறது. பழம் சிறுக்கிறது, தோல் தடிக்கிறது. சிவப்பு வைனுக்கு நிறத்தையும் துவர்ப்பையும் கொடுப்பது தோல்தான் என்பதால், சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடக் கூட வைன் அடர்த்தியாகிறது. இதன் பின்னர் செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் அறுவடை முடியும்வரை மழை வராதிருக்க வேண்டும். வந்தால் பழம் நீர்கோத்து வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். 2005 வறண்ட ஆண்டாக இருந்தும் 2003ஐப் போல வெப்ப அலையில் வாடாமல் புளிப்பைக் காத்துக்கொண்டது என்பதே அதன் பெருமை. 2010இல் துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்தே மிகுந்திருந்தன. பல பத்தாண்டுகள் வைத்திருந்து குடிக்கக்கூடிய வைனுக்கு அவை இரண்டும் முதுகெலும்பு.

விலைக்கு வருவோம். பாரிஸ் கண்காட்சிக்காக 1855இல் தரகர்கள் அன்றைய சந்தை விலையை வைத்தே பண்ணைகளை ஐந்து தரமாகப் பிரித்த பட்டியல் இன்றும் விலையை ஆளுகிறது. நல்ல ஆண்டு வந்தால் அதன் உச்சியிலுள்ள லாஃபீட், லத்தூர், மார்கோ போன்ற பெயர்களை நோக்கியே உலகப் பணம் ஓடுகிறது. அறுவடைக்கு அடுத்த வசந்த காலத்தில், பீப்பாயில் இருக்கும்போதே வைனை விற்றுவிட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்துப் போத்தலைக் கொடுக்கும் முன்விற்பனை முறையும் அங்கே உண்டு. 2010ஆம் ஆண்டின் வைன் அவ்வாறு விற்பனைக்கு வந்த 2011இன் நடுப்பகுதியில், சீனக் கொள்வனவாளர்களின் ஆர்வத்தால் சந்தை உச்சத்தில் இருந்தது. அந்த ஆர்வம் சில மாதங்களிலேயே தணிந்தது. முற்பணம் கட்டியவர்கள் பலர், போத்தல் கைக்கு வந்தபோது அதைவிடக் குறைந்த விலைக்கே அதே வைன் கடைகளில் கிடைப்பதைக் கண்டார்கள். வைனின் தரத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. 2012இல் லத்தூர் பண்ணை இந்த முன்விற்பனை முறையிலிருந்தே விலகிக்கொண்டது.

ஆகவே உங்கள் மருமகனுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: மிகச் சிறந்த ஆண்டில் பெரும் பெயர்களைத் தேடி ஓட வேண்டாம். வெயில் பட்டியல் பார்த்து அடிப்பதில்லை. சாதாரண ஆண்டுகளில் பழம் முற்றாமல் தவிக்கும் சிறு பண்ணைகளும் அத்தகைய ஆண்டில் நன்கு முதிர்ந்த பழத்தைப் பறிக்கின்றன. அவற்றின் விலையோ அவ்வளவாக ஏறுவதில்லை. கொடுக்கும் பணத்துக்கு நல்ல ஆண்டின் முழுப் பலனும் அங்கேதான் கிடைக்கிறது. பெரிய பண்ணையின் வைனைச் சுவைக்க விரும்பினால், புகழ் குறைந்த ஆண்டு ஒன்றில் வாங்குவதே மேல். மோசமான பழத்தைக் கழித்துவிடும் வசதி அவர்களுக்கு உண்டு.

கேள்வி (முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி): நல்ல ஆண்டு என்று தீர்ப்புச் சொல்வது யார்? அது போர்தோ முழுவதற்கும் பொருந்துமா?

பதில்: வணிகர்களும் விமர்சகர்களும் பீப்பாயிலிருந்து சுவைத்துச் சொல்லும் மதிப்பீடே அது. 1982இன் வைனை வேறு சிலர் ஐயத்தோடு பார்த்தபோது, அமெரிக்கரான ரொபர்ட் பார்க்கர் அதை உறுதியாகப் புகழ்ந்தார். காலம் அவர் பக்கமே நின்றது, அவருடைய நூறு புள்ளி முறையும் உலகச் சந்தையில் வேரூன்றியது. ஆயினும் ஓர் ஆண்டுக்கு ஒரே மதிப்பெண் போடுவது எனக்கு உடன்பாடானதல்ல. 1998இல் ஆற்றின் வலக்கரையிலுள்ள பொமரோல், சாந்த்-எமிலியோன் ஊர்களில், முந்திப் பழுக்கும் மெர்லோ திராட்சை செப்டெம்பர் இறுதி மழைக்கு முன்னரே பறிக்கப்பட்டுச் சிறந்த வைன் தந்தது. இடக்கரையில், பிந்திப் பழுக்கும் காபர்நே சோவிஞோன் அந்த மழையில் சிக்கிக்கொண்டது. லேபிளில் ஆண்டைப் பார்க்கும்போது ஊரையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்): தம்பி பிரான்சிலிருந்து கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு ‘போர்தோ சுப்பீரியர்’ போத்தல் ஒன்று அலுமாரியில் நிற்கிறது. இன்னும் வைத்திருந்தால் மதிப்பு ஏறுமா?

பதில்: ஏறாது. 2015 நல்ல ஆண்டுதான். ஆனால் இந்த வகை வைன் சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே ஆக்கப்படுவது. நெடுங்காலம் வைக்கத்தக்க வைனுக்கே 12, 13 பாகை செல்சியஸ் அளவிலான மாறாத குளிர்ச்சியும் இருட்டும் வேண்டும். தக்கை காயாதிருக்கப் போத்தலைப் படுக்கவைக்கவும் வேண்டும். நம் வீடுகளின் வெக்கையில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், காற்று உட்புகும், பழமணம் போய்விடும். தக்கை மேலெழுந்திருந்தாலோ, கழுத்தில் கசிவு தெரிந்தாலோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். இல்லையெனில், தம்பி அடுத்த முறை வரும்வரை காத்திராமல், குளிர்சாதனப்பெட்டியில் அரைமணி நேரம் வைத்தெடுத்துத் திறந்துவிடுங்கள்.