காலைல சண்டை வேணாம், ராத்திரி தேடுங்க: பிள்ளைங்க பல்லு பத்தி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு நாலு வயசு. ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வந்துடும். பிரஷ்ஷை எடுத்தாலே வாயை இறுக்கி மூடிக்கிட்டு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிறான். அவங்கப்பா கையைப் பிடிச்சுக்க நான் தேய்ப்பேன், போன வாரம் அழுது அழுது வாந்தியே எடுத்துட்டான். டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்னு மிரட்டியும் பாத்தாச்சு. என்னதான் பண்றது? (வாசகி, கரூர்)

பதில்: முதல்ல அந்த ஊசி டயலாக்கை நிறுத்துங்கம்மா. எங்கிட்ட வர்ற பிள்ளைங்க நிறைய பேரு நான் வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே வாசப்படியில நின்னு அழுவாங்க, நான் இன்னும் கையுறைகூட மாட்டியிருக்க மாட்டேன், எல்லாம் வீட்ல சொல்லி அனுப்பின ஊசி பண்ற வேலை.

அடுத்தது, காலைல நடக்குற அந்தப் போர். நம்ம வீடுகள்ல பல்லு விளக்காம காபி டம்ளரைத் தொட விடமாட்டாங்க, அதுல அவ்வளவு கண்டிப்பு, ஆனா ராத்திரி பல்லு விளக்கினியான்னு கேக்குற வீடு ரொம்பக் கம்மி. நெசமா ராத்திரிதான் முக்கியம். பகல் பூரா எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும், வாய்ல இருக்குற கிருமி சக்கரையைத் தின்னுட்டு விடுற அமிலத்தை அதுதான் கழுவி விடுது. தூங்கும்போது எச்சில் சுரக்குறது ரொம்பக் குறைஞ்சுடும், அப்போ பல்லுல ஒட்டின பிஸ்கட்டுக்கும் சக்கரை போட்ட பாலுக்கும் கேக்க ஆளே கிடையாது, விடிய விடிய பல்லை அரிச்சுக்கிட்டு இருக்கும். அதனால காலைல அவனையே ஒரு நிமிஷம் எப்படியோ தேய்ச்சுக்க விட்டுட்டு வேன்ல ஏத்துங்க, உங்க தெம்பை எல்லாம் ராத்திரிக்கு வச்சுக்கங்க.

அதுக்காக கண்ணு சொருகுற நேரம் பாத்து பிரஷ்ஷோட போய் நிக்காதீங்க, சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்துலயே ஆரம்பிச்சுடணும். தரையில உக்காந்து அவன் தலையை உங்க மடியில வச்சுக்கங்க, அவங்கப்பா போன் டார்ச்சை அடிக்கட்டும். இன்னிக்கு என்னடா சாப்பிட்டேன்னு கேளுங்க. இட்லி, முறுக்கு, முட்டைன்னு வரிசையா சொல்லுவான். சரி, இந்த முறுக்கு எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுவோமா? நீங்க கெஞ்சாமலே ஆன்னு திறப்பான். நெசமாவே கடைவாய்ல ஒரு துணுக்கு மாட்டியிருந்தா இன்னும் விசேஷம், ஒரு கண்ணாடியைப் பிடிச்சு அவனுக்கே காட்டுங்க. நடுவுல ஒரு நாள் பிரஷ்ஷை அவன்கிட்ட குடுத்து அப்பா பல்லைத் தேய்க்கச் சொல்லுங்க (அப்பா மூக்குல எல்லாம் பேஸ்ட் பூசுவான், பொறுத்துக்கிட்டுதான் ஆகணும்). பிள்ளைக்கு பல்லு விளக்குறது ஒண்ணும் வெறுப்பு இல்லம்மா, கையைப் பிடிச்சு அமுக்குறதுதான் வெறுப்பு.

வாந்தி வந்தது எதனாலன்னா, அழும்போது தேய்ச்சா பிரஷ் உள்நாக்கு வரைக்கும் போயிடும், நுரையும் தொண்டையில அடைக்கும். தலை சின்னதா இருக்குற, நார் மெதுவா இருக்குற பிரஷ் வாங்குங்க. பெரியவங்க புதினா பேஸ்ட் நாலு வயசுக்கு மிளகாய் மாதிரி எரியும், காரமா இருக்குன்னு அவன் சொன்னா நம்புங்க. விளம்பரத்துல பிரஷ் முழுக்க பாம்பு மாதிரி பேஸ்ட்டை நெளிய விடுவாங்க, அது பேஸ்ட் விக்கிறவங்களுக்கு நல்லது. மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, மூணுலருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு, அவ்வளவுதான். துப்பச் சொல்லிக் குடுங்க, துப்பினதுக்கப்புறம் தண்ணி ஊத்தி ஊத்தி கொப்பளிக்க வேணாம், பேஸ்ட் பல்லுல கொஞ்சம் தங்கட்டும்.

ஏழு எட்டு வயசு வரைக்கும் கடைசிச் சுத்து பெரியவங்க கைதான். அவனே தேய்ச்சுக்குவான்னு விட்டுடாதீங்க, ‘அ’ எழுதவே கை வளையாத பையன் பல்லுக்குப் பின்பக்கம் எப்படித் தேய்ப்பான்? அப்புறம் ஒழுங்கா விளக்கினா சாக்லேட்டுன்னு மட்டும் பரிசு வைக்காதீங்க. சிரிக்காதீங்க, அப்படி வைக்கிற வீடு நிறைய இருக்கு.

கேள்வி: பால்பல்லு எப்படியும் விழப்போற பல்லுதானே? அஞ்சு வயசு பேத்திக்கு கடைவாய்ல சொத்தை, ஃபில்லிங் பண்ணணும்னு மருமக ஒத்தக்கால்ல நிக்குறா. எங்க காலத்துல உமிக்கரியும் வேப்பங்குச்சியும்தான், இந்தச் செலவெல்லாம் கிடையாது. (வாசகர், மன்னார்குடி)

பதில்: ஐயா, இந்த விஷயத்துல நான் உங்க மருமக பக்கம். முன்பல்லு ஆறு ஏழு வயசுல விழும், ஆனா பால் கடைவாய்ப்பல்லு பத்துலருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கணும். இன்னும் அஞ்சாறு வருஷம் பேத்தி சோறு மெல்லப்போறது அதுலதான். சொத்தை வேர் வரைக்கும் போனா சீழ் வைக்கும், ராத்திரி தூக்கம் போகும், பல்லை முன்னாடியே புடுங்கிட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு வந்து இடத்தைப் பிடிச்சுக்கும், நாளைக்கு நிலையான பல்லு முளைக்க இடம் இருக்காது.

உமிக்கரி பளபளன்னு ஆக்குறது பல்லோட மேல் பூச்சைத் தேய்ச்சுத்தான். உங்க காலத்துப் பல்லைக் காப்பாத்தினது உமிக்கரி இல்லைங்க, மூணு வேளைக்கு நடுவுல கொறிக்க எதுவும் கிடைக்காததுதான்னு நான் நினைக்கிறேன். ஒரு தடவை இனிப்பு சாப்பிட்டா சுமார் அரைமணி நேரம் பல்லு மேல அமிலம் நிக்கும். க்ரீம் பிஸ்கட்டை ஒரே மூச்சா அஞ்சு தின்னா ஒரு அரைமணி, அதையே சாயங்காலம் பூரா ஒண்ணொண்ணா தின்னா அஞ்சு அரைமணி. உங்க சட்டைப்பையில பேத்திக்குன்னு ஆரஞ்சு மிட்டாய் இருக்குன்னு சந்தேகப்படுறேன், குடுக்கணும்னா சாப்பாட்டோட சேர்த்துக் குடுத்துடுங்க. அப்புறம் ஒரு வேலை சொல்றேன், உங்களுக்குப் பல்செட் இருந்தா ராத்திரி அதைக் கழட்டிக் கழுவும்போது பேத்தியைப் பக்கத்துல நிக்க வச்சு நீயும் விளக்குன்னு சொல்லுங்க. தாத்தா பல்லைக் கையில எடுக்குறதை விட பெரிய மேஜிக் அந்த வயசுல கிடையாது, தினமும் தானா வந்து நிப்பா.

கேள்வி: எங்க ஊர் தண்ணில ஃப்ளோரைடுங்கிற உப்பு ஜாஸ்தின்னு சொல்றாங்க, என் பல்லுலயே பழுப்புக் கறை இருக்கு. பொண்ணுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட் குடுக்கலாமா? தண்ணியைக் கொதிக்க வச்சா போதுமா? (வாசகி, தர்மபுரி)

பதில்: கொதிக்க வைக்காதீங்க, அதாவது ஃப்ளோரைடு போகும்னு நினைச்சு கொதிக்க வைக்காதீங்க. கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டிதான் ஆகும். ஒரு லிட்டர்ல 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருந்தா குடிக்க ஆகாது. உங்க மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதுக்காகத்தான். குடிக்கவும் சோறாக்கவும் அந்தத் தண்ணியையே பிடிங்க, போர் தண்ணி துணி துவைக்க இருக்கட்டும். கறை வர்றது ஈறுக்குள்ள பல்லு உருவாகுற வயசுல உள்ள போற ஃப்ளோரைடுனால, பேஸ்ட்டை வெளியில தேய்ச்சுத் துப்பினா அந்தப் பயம் இல்ல. முழுங்குறதுதான் பிரச்சனை. ஸ்ட்ராபெரி வாசனை பேஸ்ட்டை டியூபோட சப்புற பிள்ளைங்க இருக்கு, டியூபை எட்டாத எடத்துல வைங்க. வேற வழியில்லாம போர் தண்ணிதான் குடிக்கிறோம்னா, பொண்ணு வயசைச் சொல்லி உங்க ஊர் பல் டாக்டர்கிட்ட எந்த பேஸ்ட்டுன்னு கேட்டுக்கங்க.

கேள்வி: பொண்ணுக்கு ஆறு வயசு, முதல் பல்லு ஆடுது. விழுந்தா சாணில உருட்டி கூரை மேல எறியணும்னு அம்மா சொல்றாங்க. நாங்க இருக்குறது மூணாவது மாடி ஃப்ளாட், சாணியும் இல்ல கூரையும் இல்ல. (வாசகர், சென்னை)

பதில்: துளசித் தொட்டி மண்ணு போதும் சார், பாட்டி கையால புதைக்கச் சொல்லுங்க. அந்த சாக்குல வாயைத் திறக்கச் சொல்லி ரெண்டு பக்கமும் கடைசியில பாருங்க. ஆறு வயசுல எந்தப் பல்லும் விழாமலே பால்பல்லு வரிசைக்குப் பின்னாடி ஒரு பெரிய கடைவாய்ப்பல்லு முளைக்கும், முக்காவாசிப் பேரு அதைப் பால்பல்லுன்னு நினைச்சு விட்டுடுவாங்க, ஆனா அதுதான் ஆயுசு பூரா இருக்கப்போற முதல் பல்லு. அதுல குழி ஆழமா இருக்கும், பிரஷ் நாரு போகாது, அந்தக் குழியை அடைச்சு பூச்சு போட முடியுமான்னு டாக்டர்கிட்ட ஒரு நடை காட்டிடுங்க.

எங்க வீட்ல ஓட்டுக்கூரைதான். நான் எறிஞ்ச முதல் பல்லு ஓட்டுல உருண்டு பக்கத்து வீட்டு அத்தை வத்தல் காயப்போட்ட பாய்ல விழுந்துடுச்சு. கடைசி வரைக்கும் கிடைக்கல. அந்த வருஷம் அவங்க வீட்டு வத்தக்குழம்பை நான் தொடவே இல்ல.