சீரம் இரும்பு அதிகம், ஃபெரிட்டின் குறைவு: எதை நம்புவது?

கேள்வி: காலை உணவும் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொண்ட இரண்டு மணி நேரத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். சீரம் இரும்பு இயல்புக்கு மேல் உள்ளது. ஃபெரிட்டினும் துத்தநாகமும் குறைவாக உள்ளன. மாத்திரையை நிறுத்திவிடலாமா? வெறும் வயிற்றில் மீண்டும் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: இந்தச் சீரம் இரும்பு அளவை வைத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள 3 முதல் 4 கிராம் இரும்பில், இரத்த நீரில் ஓடிக்கொண்டிருப்பது ஏறத்தாழ 3 மில்லிகிராம் மட்டுமே என்பதால், சற்று முன் விழுங்கிய மாத்திரையிலிருந்து உறிஞ்சப்படும் சிறு பகுதிகூடச் சில மணி நேரத்துக்கு அந்த அளவை உயர்த்திக் காட்டிவிடும். ஃபெரிட்டின் அப்படியன்று. அது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. ஒரு வேளை உணவால் மாறாது. நோயற்ற பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. தொற்றும் அழற்சியும் ஃபெரிட்டினை உயர்த்தக்கூடியவை. ஆகவே இயல்பான ஃபெரிட்டின் சில வேளைகளில் ஏமாற்றலாம், குறைந்த ஃபெரிட்டின் ஏமாற்றுவது அரிது. உங்கள் உடலில் இரும்பு குறைவாக இருப்பதாகவே கருதுகிறேன்.

துத்தநாகத்தின் கதை நேர்மாறானது. உண்டபின் அது இரத்த நீரிலிருந்து திசுக்களுக்குள் செல்வதால், அளவு தற்காலிகமாக இறங்குகிறது. பிற்பகலில் மேலும் குறைவாக இருக்கும். இதனாலேயே கருவுறாத பெண்களுக்கு, காலையில் வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 70 மைக்ரோகிராம், காலையில் உண்டபின் 66, பிற்பகலில் 59 எனத் தனித்தனி எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. பல அறிக்கைகளில் ஒரே எல்லைதான் அச்சாகிறது என்பது எனக்கு வருத்தமளிக்கும் குறை. உங்கள் முடிவைக் குறைபாடு என்று இப்போதே முத்திரை குத்த வேண்டாம்.

மற்ற சத்துப் பரிசோதனைகளில், சீரம் ஃபோலேட்டும் (ஃபோலேட் ஒரு பி வைட்டமின்) அண்மையில் உண்டதையே பெரிதும் காட்டும்; சிவப்பணு ஃபோலேட் கடந்த சில மாதங்களைச் சொல்லும். வைட்டமின் டி பரிசோதனைக்கு உண்ணாமல் இருக்கத் தேவையில்லை, ஏனெனில் அளக்கப்படும் வடிவம் இரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். வைட்டமின் ஈ கொழுப்புடன் பயணிப்பதால், அதைக் கொழுப்பு அளவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மறுபரிசோதனையைக் காலையில், 10 முதல் 12 மணி நேரம் உண்ணாமல் செய்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். முந்தைய 24 மணி நேரத்துக்கு இரும்பு மாத்திரையைத் தள்ளிவைக்க மருத்துவரின் ஒப்புதல் பெறுங்கள். டிரான்ஸ்ஃபெரின் செறிவு (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பது), சிஆர்பி (அழற்சியைக் காட்டும் அளவு) ஆகிய இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். துல்லியம் கூடுமென்று எண்ணிப் பட்டினியை நீட்டிக்க வேண்டாம். நெடும் பட்டினியில் தசைகளிலிருந்து துத்தநாகம் வெளியேறி, குறைபாட்டையே மறைத்துவிடலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரானால், பட்டினியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசுவது கட்டாயம்.