ஆமை ஓட்டில் மேடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டாக்டர், எங்கள் சுல்கேட்டா (ஆப்பிரிக்க நில ஆமை) குட்டிக்கு ஒரு வயது. முதுகில் ஒவ்வொரு கட்டமும் கூம்பாக எழும்புகிறது. புரதம் கூடிப்போச்சு என்கிறார் கடைக்காரர். கீரை தவிர எதுவும் கொடுப்பதில்லை. ஏ.சி. அறையில் தொட்டி, மேலே சூட்டு விளக்கு. என்ன தப்பு?
– வாசகி, அண்ணா நகர்

கீரை தின்னும் குட்டிக்குப் புரதம் எங்கிருந்து கூடும்? உங்கள் கேள்வியின் கடைசியில்தான் விஷயம் இருக்கிறது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை ஏ.சி. இழுத்துவிடும், மிச்சத்தை விளக்கு காயவைத்துவிடும். 2003-ல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்றில் சுல்கேட்டா குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட இடத்தில் வளர்ந்தவைக்கே மேடு உயரமாக வந்தது. புரதத்தின் பங்கு சொற்பம்.

'பாலைவன ஆமைக்கு ஈரம் எதற்கு?' என்று பலர் கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவில் அது வெயில் நேரத்தில் ஆழமான வளைக்குள் போய்ப் படுத்துவிடும். அங்கே மண் ஈரமாக இருக்கும். அந்த வளையைத்தான் நாம் செய்து தர வேண்டும். மூடிய பிளாஸ்டிக் டப்பாவின் பக்கத்தில் வாசல் வெட்டி, உள்ளே தேங்காய் நார்த்தூளைப் பரப்புங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. ஈரமானியை ஆமையின் உயரத்திலேயே வையுங்கள். டப்பாவுக்குள் 80 சதவீதம் காட்டினால் நல்லது. தினமும் 15-20 நிமிடம், தாடைக்குக் கீழே நிற்கும் வெதுவெதுப்பான நீரில் உட்கார வையுங்கள். தொட்டியை முதலில் ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுங்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூக்கில் குமிழி வரும், அப்புறம் நிமோனியாதான்.

வந்த மேடு தணியுமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?
– வாசகர், தாம்பரம்

தயவுசெய்து தேய்க்காதீர்கள். தகட்டுக்கு அடியில் உயிருள்ள எலும்பு இருக்கிறது, வலிக்கும். வந்த மேடு போகாது. இனி வளர்வது தட்டையாக வரும், அவ்வளவுதான். கட்டங்களுக்கு இடையே வெளிறிய புதுக் கோடு தெரியும். அது சமமாக வருகிறதா என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், தூசிதான் ஒட்டும்.

என்ன தீனி கொடுக்கலாம்? ஜன்னலோரம் தினமும் வெயில் காட்டுகிறேன், போதுமா?
– வாசகி, மயிலாப்பூர்

கண்ணாடி வழியே வரும் வெயிலில் சூடு வரும், ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வராது. அது இல்லாவிட்டால் கால்சியம் உடம்பில் ஒட்டாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். அது மேட்டைவிட மோசமான நோய். மொட்டைமாடியில் காலை வெயிலில் விடுங்கள், ஒதுங்க நிழல் கட்டாயம். மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் அந்தத் தரை அடுப்பு.

தீனியில் பாதிக்கு மேல் புல் இருக்கட்டும். அருகம்புல் தாராளமாகக் கொடுக்கலாம். செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் நல்லவை. பாலக்கீரை, முளைக்கீரை தினமும் வேண்டாம், அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சோறு, பூனைத் தீனி கூடவே கூடாது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேட்டு வாங்கி (கணவாய் ஓடுதான்) தொட்டியில் போட்டுவையுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

உறவினர் தந்த நட்சத்திர ஆமைக்கும் முதுகில் மேடு. நோயா?
– வாசகர், பெரம்பூர்

அந்த இனத்துக்குக் காட்டிலேயே கொஞ்சம் மேடு உண்டு. உங்கள் பிரச்சினை ஓட்டில் இல்லை. நட்சத்திர ஆமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, 2022 திருத்தத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் பட்டியலுக்கே போய்விட்டது. வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சுல்கேட்டா வைத்திருப்பவர்களும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

கொளத்தூரில் வாங்கிய சிவப்புக்காது நீராமையின் ஓடு தகடு தகடாக உரிகிறது!
– வாசகர், வில்லிவாக்கம்

பயப்படாதீர்கள், நீராமை வளரும்போது அப்படித்தான் உரியும். அடியில் புதுத் தகடு பளபளப்பாக இருந்தால் சரி. குழி விழுந்து, நாற்றம் வந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள். பெரிதாகிவிட்டது என்று போரூர் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.